சிவப்புக் கோட்டு நைனா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து தகடு வெட்டும் இயந்திரம் வந்தபோது, அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு மனிதரும் வந்தார். இயந்திரம் பதினோரு மரப்பெட்டிகளில் வந்தது. அவர் ஒரே ஒரு தோள்பையோடு வந்தார். ஐந்து மாதம் இருந்தார். அவருடைய பெயரை எங்களில் யாரும் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஃபிட்டர் ஏசுபாதம் அண்ணன்தான் மூன்றாம் நாளே ஒரு முடிவு கட்டினார்.

"பேரு இன்னாத்துக்கு சார் நமக்கு? நைனான்னு கூப்டா திரும்பிப் பாக்கறாரு. அது போதும்" என்றார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் நைனா.

நைனாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு பெயின்ட் பேனா இருக்கும். ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து கீழேயுள்ள இரும்புவரை நேராக ஒரு கோடு போடுவார். நட்டு துளி தளர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நிறையத் தொழிற்சாலைகளில் இருக்கிற பழக்கம்தான். மற்றவர்கள் அதை வேலை நேரத்தில் மட்டும் செய்வார்கள். இவர் அதிலேயே குடியிருந்தார்.

புதுவாயலில் ஒரு லாட்ஜில் அவருக்கு அறை எடுத்துக் கொடுத்திருந்தோம். முதல் வாரத்திலேயே தன் அறை மின்விசிறியை இறக்கி, முறுக்கி, கோடு போட்டார். அடுத்து குளியலறைக் குழாய், அதற்கடுத்து மாடிப்படிக் கைப்பிடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் லாட்ஜின் வாசல் கேட்டை உட்கார்ந்து சரிசெய்து, எட்டு போல்ட்டிலும் கோடு போட்டுவிட்டார். லாட்ஜ்காரர் காலையில் எனக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை.

"சார், கேட்ல செவப்பு மார்க் போட்டுக்கினு போய்க்கிறாங்க சார். ரோடு அகலம் பண்றாங்களா? எத்தினி அடி உள்ள வருதாம்? உங்க கம்பெனில யாருக்காச்சும் ஹைவேஸ்ல ஆள் தெரியுமா?"

கல்கத்தா நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சிவப்பு பெயின்ட்டைப் பார்த்தால் அப்படித்தான் நினைப்பார். அது நெடுஞ்சாலைத் துறை இல்லை, எங்கள் நைனாதான் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரமானது. அதற்குள் அவர் வக்கீலிடம் பேசிவிட்டிருந்தார்.

நைனாவிடம் இன்னொரு குணமும் இருந்தது. கோடு போட்ட இடத்தை அவர் மறுபடி தொடமாட்டார். தான் போட்டது மட்டுமல்ல, யார் போட்ட கோடாக இருந்தாலும் அப்படித்தான். வந்த புதிதில் நான் பெரிய மெயின்டனன்ஸ் எஞ்சினியர் என்ற தோரணையில், அவர் கோடு போட்டிருந்த ஒரு நட்டின்மேல் ஸ்பேனரை வைத்து இழுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. அவர் முகம் வாடிப்போய்விட்டது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து சீன மொழியில் எதையோ எழுதி என் முன்னால் நீட்டினார். 'கோடு இருக்கிறது. தாங்கள் எதற்காக மீண்டும் கேட்கிறீர்கள்?' என்று அந்தச் செயலி பாடப்புத்தகத் தமிழில் என்னை விசாரித்தது. மதிய டீ வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. நான் வெட்கப்பட்டேன். ஆனால் வெட்கப்பட்டதில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஏசுபாதம் அண்ணனுக்கும் அவருக்கும் நல்ல ஒட்டுதல். அண்ணன் வீட்டிலிருந்து வரும் கருவாட்டுக் குழம்பில் பாதி நைனாவுக்கு. நைனா டீத்தண்ணீரில் வேகவைத்துக் கொண்டுவரும் முட்டையில் பாதி அண்ணனுக்கு. 'பேஜாரு' என்ற சொல்லை நைனா கற்றுக்கொண்டது அண்ணனிடம்தான். மோட்டார் சூடானால் பேஜாரு, மழை பெய்தால் பேஜாரு, எங்கள் மானேஜர் படியேறி வந்தாலும் பேஜாரு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி ஆரம்பாக்கத்துக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை அண்ணன் அலுத்துக்கொள்வதுபோலப் பெருமையடித்துக்கொள்வார்.

"ஊட்ல ஒரு எடம் பாக்கி வைக்கல சார் அந்தாளு. கட்டிலு, ஜன்னலு, எம் பொண்ணு சைக்கிளு, அல்லாத்துலயும் கோடு. எங்கூட்டுக்காரி கேக்குறா, எம் மூக்குத்தி திருகு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு."

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க முடிந்தால் தப்பித்திருப்பேன்.

இயந்திரத்தின் ஒரு பகுதி தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும். கனமான உருளை ஒன்றைத் தாங்கும் சட்டத்துக்கு மொத்தம் நாற்பத்தெட்டு போல்ட். மேலே இருந்த முப்பத்திரண்டையும் நைனா முறுக்கினார். குழிக்குள் இருந்த பதினாறையும் என்னிடம் விட்டார். தன் பெட்டியிலிருந்து புதிய சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி எனக்குக் கொடுத்தார். ஏதோ விருது வாங்குவதுபோல நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை திருவள்ளூரில் என் மைத்துனனுக்கு ரிசப்ஷன். மூன்று மணிக்குள் முடித்துவிடலாம் என்று குழிக்குள் இறங்கினேன். பன்னிரண்டு போல்ட்டை ஒழுங்காக முறுக்கினேன். கடைசி நாலும் பின்சுவரை ஒட்டி இருந்தன. எண்ணெயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அவ்வளவு நீள ஸ்பேனரைத் தலைக்குமேல் இழுக்க வேண்டும். மணி நாலரை. மனைவியிடமிருந்து ஆறு மிஸ்டு கால். நட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருப்பதுபோலத்தான் இருந்தது. பேனாவை எடுத்து நாலிலும் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் எதையும் வரைந்ததில்லை. ரிசப்ஷனில் இரண்டு தடவை ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நைனா நாற்பத்தெட்டிலும் கோடு இருப்பதை டார்ச் அடித்துப் பார்த்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டார். ஸ்பேனரைத் தொடவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு காலை ஷிஃப்டில் சட்டம் நழுவி உருளை இறங்கியது. ஏசுபாதம் அண்ணனின் இடது கை அங்கே இருந்தது. இரண்டு விரல் போயிற்று.

மறுநாள் மீட்டிங் அறையில் விசாரணை. தளர்ந்தவை பதின்மூன்றாம் போல்ட் முதல் பதினாறு வரை என்று போட்டோ போட்டுக் காட்டினார்கள். கோடுகளெல்லாம் விலகிக் கிடந்தன. "இது யார் போட்ட கோடு?" என்று மானேஜர் கேட்டார். அந்தக் குழிக்குள் யார் இறங்கியது என்று அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நைனா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. வரிசையில் அடுத்த ஆள் பேசட்டும் என்று காத்திருப்பவரைப்போலப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன். பதினெட்டு டிகிரி வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு நைனா போனில் எழுதி மேஜையில் வைத்தார். 'பட்டியலில் என்னுடைய கையெழுத்து உள்ளது. பொறுப்பு என்னுடையது.' அதோடு விசாரணை முடிந்தது. அவருடைய கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

கிளம்புவதற்கு முன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒரு பை நிறைய மாதுளம்பழம் வாங்கிக்கொண்டார். கட்டில் அருகே போய் நின்றதும் அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"கோடு போட்டுக்கினியே நைனா. உன் கோட்ட நம்பித்தான கைய வச்சேன்" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் இருந்த அவ்வளவு நேரமும் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும், அவர் என்ன சொன்னார் என்று நைனா போனை நீட்டினார். 'அவருக்கு வலி அதிகம். பிறகு பேசுவதாகச் சொன்னார்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது நானே எவ்வளவு இரக்கமுள்ளவன் என்று எனக்குத் தோன்றியது. நைனா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுதியதை அவர் நம்பவில்லை என்பது கோழைக்கும் தெரியும்படி இருந்தது.

மூன்று வருடம் கழித்து நாங்கள் இரண்டாவது இயந்திரம் வாங்கினோம். அனுப்புவதற்கு முன் பார்த்துச் சரிசொல்ல என்னைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். நல்ல எஞ்சினியர் என்பதால் அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். என்னிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் இருந்தது. அங்கே தொழிற்சாலையில் நைனாவைக் கேட்டேன். ஆங்கிலம் பேசும் பெண் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு வெளிவேலை எதுவும் கொடுக்கவில்லையாம். ஸ்டோரில் உட்காரவைத்தார்களாம். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். ஊர் குய்சோ மாகாணத்தில், மலைக்குமேல். வழியைச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் விடுப்பு இருந்தது. மானேஜரிடம் பெருஞ்சுவர் பார்க்கப் போகிறேன் என்றேன். பெருஞ்சுவர் அங்கிருந்து எத்தனை தூரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரயில், அதற்கப்புறம் பஸ், அதற்கப்புறம் முட்டைக்கோஸ் ஏற்றிய மூன்று சக்கர வண்டி. வண்டிக்காரர் ஒரு சிமெண்ட் பாதையின் முனையில் என்னை இறக்கிவிட்டு மேலே கைகாட்டினார். மேலே மேகம்தான் தெரிந்தது.

மலைக்கு ஏற்றது என்று நினைத்துத் தொழிற்சாலை சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முன்னால் இரும்பு, அடியில் வழுக்கல். மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்த வாக்கில் பத்தடி சறுக்கினேன். நெல்வயல்கள் படிக்கட்டு போல ஏறிக்கொண்டே போயின. நடுநடுவே கறுத்த மரவீடுகள். எல்லா வீட்டிலும் கிழவர், கிழவி, ஒரு நாய். இளவட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் கடற்கரைப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரு கிழவியிடம் சீட்டைக் காட்டினேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வெள்ளரிக்காய் கொடுத்தார்.

வழி தெரியாமல் அந்த வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு நின்றபோதுதான் காலடியில் ஓடிய தண்ணீர்க் குழாயைக் கவனித்தேன். மேலே ஏதோ சுனையிலிருந்து வீடுகளுக்கு வருகிற குழாய். அதன் மூட்டில் நாலு போல்ட். நாலிலும் சிவப்புக் கோடு. அடுத்த மூட்டிலும் கோடு. அதற்குப் பிறகு நான் யாரையும் வழி கேட்கவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். இன்னும் இரண்டு முறை விழுந்தேன்.

பதினேழாவது மூட்டிலோ பதினெட்டாவதிலோ, முழங்கால்வரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை விட்டுவிட்டு முதலில் பின்பக்கச் சேற்றைத்தான் பார்த்தார்.

"பேஜாரு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு அழைத்துப் போனார். அவரும் அவருடைய அப்பாவும் மட்டும்தான் இருந்தார்கள். நடுவில் நெருப்புக் கட்டை, அதன்மேல் பன்றிக்கறி புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் குழந்தைகளுக்குச் செய்தது போன்ற குட்டை முக்காலிகள். புளித்த சாறில் மீன் போட்டு மதியச் சாப்பாடு வந்தது. ரசம் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தேன். நான் புதுவாயல் கடையில் வாங்கி, இரண்டு விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு கிலோ காராபூந்தியை எடுத்து நடுவில் வைத்தேன். ஒரு மனிதனின் வேலையைப் பறித்துக்கொண்டவன் அதற்கு ஈடாக எடுத்துப்போன பொருள் அது. அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அரிசிச் சாராயத்தோடு அள்ளி அள்ளித் தின்றார்.

ரயிலிலேயே எழுதித் திருத்தி வைத்திருந்ததைப் போனில் திறந்து நைனாவிடம் நீட்டினேன். 'பதின்மூன்று முதல் பதினாறு வரையிலான போல்ட்களை நான் முறுக்கவில்லை. கோடு மட்டும் போட்டேன். என்னை மன்னிக்கவும்.' அவர் குதிப்பார், அடிப்பார், கட்டிக்கொண்டு அழுவார் என்று ரயிலில் பலவிதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் படித்துவிட்டுத் தன் போனில் எழுதிக் காட்டினார்.

'எனக்குத் தெரியும். குழிக்குள் இறங்கியது தாங்கள் மட்டும்தானே.'

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. உண்மைதானே. இந்த உலகத்தில் அந்த விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஒரே மனிதரைத் தேடிப்பிடித்து, மலையேறி வந்து, அவரிடமே அதைச் சொல்லிவிட்டு, பெரிய தியாகம் செய்துவிட்டதுபோல உட்கார்ந்திருக்கிறேன். கண் கலங்கியதற்குப் புகைமேல் பழியைப் போட்டேன்.

'அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். அவர் நிதானமாக எழுதினார். 'தாங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். விமானம் புறப்படும் வரை காத்திருந்தேன்.'

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. 'உங்கள் அப்பாவிடம் இப்போதே சொல்கிறேன். தவறு உங்களுடையது அல்ல என்று அவருக்குத் தெரியட்டும்' என்று எழுதினேன். நைனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கிழவர் காராபூந்தியில் வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நைனா எழுதினார். 'நான் செய்யவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். நம்பாதவர் தங்கள் ஊரில் இருக்கிறார்.'

கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி வந்தது. 'அவருடைய கை இப்போது எப்படி இருக்கிறது?'

எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வேலையை விட்டு நின்றுவிட்டார், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி எடைமேடையில் சீட்டுப் போடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூருக்குப் பைக்கில் போக அதிக நேரம் ஆகாது. மூன்று வருடத்தில் எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. சீனாவில் ஒரு மலைக்கு வர நேரம் கிடைத்திருக்கிறது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதால்தான் வந்தேன் என்று அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே புரிந்தது.

நைனா என்னை மலையடிவரை கொண்டுவந்து விட்டார். சறுக்குகிற இடத்திலெல்லாம் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் நான் உட்காரப்போன சீட்டை முதலில் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஊர் திரும்பியதும் முதலில் மானேஜரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இன்னாப்பா இது, முடிஞ்சுபோன ஃபைலத் தூக்கிக்கினு வர? இன்சூரன்ஸ்காரன் காதுல விழுந்தா அவ்ளோதான். போய் வேலையப் பாரு" என்றார். அந்தச் சீனக் கம்பெனிக்கு நானே எழுதி அனுப்பினேன். அதற்காக எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போனேன். ஏசுபாதம் அண்ணன் கோயில் முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வா சார். இன்னா இவ்ளோ தூரம்? உக்காரு. நாஷ்டா ஆச்சா?"

உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரிசப்ஷன், நாலு கோடு, ஏசி, ஆஸ்பத்திரி வாசலில் நான் எழுதிக் கொடுத்த பொய் வரை. அவர் மனைவி சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நாலும் நீ போட்டதா?"

"ஆமாண்ணே."

"முறுக்கவே இல்ல."

"இல்லண்ணே."

இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"வெரலு போனது பழகிப்போச்சு சார்" என்றார். "அந்தாளு வந்தாரு. பழத்த எடுத்துக்கினு வந்து நின்னுக்கினே இருந்தாரு. நான் செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினேன். அதான் சார் இன்னிக்கு வரிக்கும் பழகல. இத்தினி நாளு அந்தாளு மேல கோவம்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"நம்பரு கீதா?" என்று கேட்டார்.

மலையிலிருந்து வாங்கி வந்திருந்த நம்பருக்கு என் போனிலேயே முகம் தெரிகிற மாதிரி அழைத்து அவர் கையில் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தபோதே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லு சார்."

வெளியே வந்து பைக் அருகே நின்றேன். உச்சி வெயில். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் உடைந்து கேட்டது. அதற்கு மேல் சீனத்தில் நைனாவின் குரல். அண்ணன் தமிழில் பேசினார், நைனா சீனத்தில் பேசினார். இரண்டும் ஒன்றையொன்று நிறுத்தவில்லை. செயலி, மொழிபெயர்ப்பு எதுவும் இல்லை. அண்ணன் மனைவியின் குரலும் சேர்ந்துகொண்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். அரை மணி நேரம் இருக்கும். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. போன் அவர்களிடம் இருந்ததால் கிளம்பவும் முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.